குச்சிக்கு வளைகாப்பு

ஏனுங் மாப்பிள்ளை, நீங்க போன்ல அனுப்புன போட்டோவைப் பாத்தனுங்க. மொட்டைமாடியில ஒரு ஸ்டூலு. ஸ்டூலு மேல தொட்டியில ஒரு செம்பருத்திக் குச்சி. அதைச் சுத்தித் தேன் பாட்டலு, பட்டைப் பொடி, இளநி, சோத்துக் கத்தாழை மடலு, ஒரு உருளைக்கெழங்கு, ரெண்டு தலைவலி மாத்திரை. மொதல்ல ஏதோ விசேசம்னு நெனச்சுப்போட்டேன். மாசமா இருக்கற புள்ளைக்கு வளைகாப்புப் போடறப்ப முன்னால தட்டு பரப்பி வெப்பமே, அப்படியே இருந்துச்சு. வளையல் மட்டுந்தான் கொறை.

"எல்லாமே இயற்கை முறை அப்புச்சி, வேர் சீக்கிரம் வந்துரும்"னு கீழ எழுதியிருந்தீங்க. சந்தோசம். கோயமுத்தூர் அக்ரி காலேஜ்ல நாலு வருசம் படிச்ச எங்க அம்மிணி உங்க ஊட்லயேதான் இருக்குது. அதையுட்டுப்போட்டுப் போனுக்குள்ள வீடியோ போட்டுப் பேசறவங்ககிட்ட யோசனை கேட்டிருக்கீங்க பாருங்க, அந்தத் தைரியம் எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து வந்ததில்லீங்க.

நான் படிச்சவனில்லை. அம்மிணி லீவுக்கு வர்றப்ப திண்ணையில உக்காந்து பாடத்தைச் சத்தமாப் படிக்கும். காது சும்மாதானே கெடக்குதுன்னு கேட்டுக்குவேன். அது பாதி. முருங்கைப் போத்தும் கிளுவைப் போத்தும் நட்ட கையிது, மீதி அதுல வந்தது. ரெண்டையும் சேத்துச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

குச்சி வேர் விடறதுக்கு வேண்டிய மருந்து குச்சிக்குள்ளயே இருக்குதுங்க. கொழுந்துலயும் மொட்டுலயும் இளசான எலையிலயும் ஊறித் தண்டு வழியாக் கீழ எறங்கும். மரத்துல இருக்கறவரைக்கும் அது பாட்டுக்கு எறங்கிட்டே போகும். நீங்க வெட்டுனா, மேக்கொண்டு போக வழியில்லாம வெட்டுன எடத்துலயே தேங்கும். தேங்குன எடத்துல காயம் ஆறி, வெளுப்பா, கரடுமுரடாத் தடிச்சு வரும். அதுக்குச் சித்த மேல, கணுவுக்குப் பக்கத்துல, தோலைக் கீறிக்கிட்டு வெள்ளை வெள்ளையா மொனை எட்டிப் பாக்கும். அதான் வேரு. அந்த மருந்துக்கு ஆக்சின்னு பேரு. அதை நீங்க கடைக்குப் போயி வாங்க வேண்டியதில்லை, சமையக்கட்டுல தேடவும் வேண்டியதில்லை. குச்சி வர்றப்பவே கொண்டாந்திருக்குது.

இதைக் கண்டுபுடிச்ச கதையைக் கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. ஹாலந்துல உட்ரெக்ட்டுன்னு ஒரு ஊரு. அங்க வென்ட்டுன்னு ஒருத்தரு ஓட்ஸ் முளையோட நுனியை வெட்டிக் கடல்பாசிக் கட்டி மேல கொஞ்ச நேரம் வெச்சாரு. அப்பறம் நுனியைத் தூக்கிப் போட்டுட்டு அந்தக் கட்டியை மட்டும் நுனியில்லாத முளை மேல வெச்சாரு. முளை வளந்துச்சு. நுனியிலிருந்து ஏதோ ஒண்ணு கட்டிக்குள்ள எறங்கியிருக்குதுன்னு 1928-ல எழுதிப் போட்டாரு. சரி, அந்த ஏதோ ஒண்ணு என்னன்னு பிரிச்சுப் பாக்கோணுமில்லீங்களா? முளை நுனியில இருந்து எடுக்கறதுன்னா கண்ணுக்குக் கூடத் தேறாது. அதே ஊர்ல கோகல்னு ஒரு ரசாயனக்காரரும் அவரு கூட்டாளிகளும் 1934-ல அதை எதுல இருந்து பிரிச்சாங்கன்னு நெனைக்கறீங்க? மனுச மூத்திரத்துல இருந்துங்க. இண்டோல் அசிட்டிக் அமிலம்னு பேரு வெச்சுக் கூப்பிடறதெல்லாம் அதைத்தான். அந்தப் பாடத்தை மட்டும் அம்மிணி முணுமுணுன்னு படிச்சுது. நான்தான் சத்தமாப் படிக்கச் சொன்னேன்.

உங்க வீடியோக்காரருக்கு இந்தச் சமாச்சாரம் இன்னும் எட்டலையாட்ட இருக்குது. எட்டியிருந்தா ஸ்டூலு மேல இன்னொரு கிண்ணம் ஏறியிருக்கும். இப்ப நான் சொல்லிட்டேன்னு நீங்களும் கெளம்பீராதீங்க. அதுல இருக்கற உப்பும் யூரியாவும் இளங்குச்சியை எரிச்சுப்போடும். கோமியத்தையே நாங்க பத்துப் பங்கு தண்ணி கலந்துதான் ஊத்துவோம்.

சரி, தட்டுல இருக்கறதை ஒவ்வொண்ணாப் பாப்பமுங்க.

தேனு. நல்ல தேனு, வெலை கூடுன தேனாட்டந்தான் தெரியுது. தேன்ல வேர் வெக்கற மருந்து ஒண்ணுமில்லீங்க. தேன் ஈரத்தோட சேந்தா ஹைட்ரஜன் பெராக்ஸைடு கொஞ்சங்கொஞ்சமாச் சொரக்கும், அது அழுகல் கிருமியைக் கொல்லும். புண்ணுக்குத் தேன் தடவறமே, அந்தக் கணக்குத்தான். வெட்டுவாய் அழுகாம நிக்கறதுக்கு ஒரு சொட்டு ஒதவும், மறுக்கலை. ஆனா நீங்க முக்கி எடுத்திருக்கற முக்குல, குச்சிக்கு வேர் வர்றதுக்கு முன்னால எறும்புக்குச் சேதி போயிரும். மாடிக்கு எறும்பு ஏறாதுன்னு நெனைக்கறீங்களா? நீங்க லிப்ட்டுல போறீங்க, அது செவுத்துல வரும்.

பட்டைப் பொடியும் அதே சோலிதான். பூஞ்சாணத்தை அண்ட விடாது. வேரைக் கூப்பிடாது. நான் கேக்கறது என்னன்னா, பூஞ்சாணத்துக்குத்தான்னா ஊட்ல மஞ்சத்தூள் இருக்குதில்லீங்களா? நம்ம பொம்பளைங்க காயத்துக்கு வெக்கறதும் அதைத்தானே. ஈரோட்டு மஞ்ச மண்டிக்குப் பக்கத்துல பொறந்து வளந்த பொண்ணைக் கட்டிக்கிட்டுப் பட்டைக்குப் போயிருக்கீங்க. மஞ்சத்தூளையும் அப்பி வெக்காதீங்க. வெட்டுவாய் மறையற அளவு தொட்டு, ஒரு தட்டுத் தட்டுனாப் போதும்.

கத்தாழைக்கு என்கிட்ட கொறை கெடையாது. மடலைக் கீறி, அந்தக் கொழகொழப்புல குச்சியோட அடியை ஒரு தடவை சொருகி எடுத்து நட்டீங்கன்னா வெட்டுவாய் காயாது, கிருமியும் சட்டுன்னு ஏறாது. காசும் செலவில்லை. தட்டுல உருப்படியா இருக்கற ஒரே சரக்கு அதான். அதைத்தான் கடைசியா ஓரத்துல தள்ளி வெச்சிருக்கீங்க.

உருளைக்கெழங்கைப் பத்திப் பேசவே எனக்குச் சங்கடமா இருக்குதுங்க. கெழங்குல ஓட்டை போட்டு ரோசாக் குச்சியைச் சொருகி மண்ணுக்குள்ள பொதைக்கோணுமாம். ஈரம் கெடைக்குமாம். நாளாக நாளாகக் கெழங்கு அழுகும், கூடவே குச்சியும் அழுகும். அழுகலைன்னா ஒரு நாள் பச்சையா முளைவிட்டு மேல வரும். ரோசா வந்துருச்சுன்னு அம்மிணியைக் கூப்பிட்டுக் காட்டிப்போடாதீங்க. அது கெழங்குச் செடியா இருக்கும்.

மாத்திரைக்கு ஒரு பூர்வீகம் இருக்குது. வெள்ளைக்காரங்க ஊர்ல வில்லோன்னு ஒரு மரம். கொம்பொடிச்சு ஈர மண்ணுல குத்துனாலே வேர் புடிச்சுக்கும். அதோட குச்சியை ஊறவெச்ச தண்ணியில மத்த குச்சிகளை நனைச்சு நடறது அவங்க ஊர்த் தோட்டக்காரங்க பழக்கம். அந்த மரப்பட்டையில சாலிசின்னு ஒரு சரக்கு, ஆஸ்பிரின் அதுக்குச் சொந்தக்காரன். அந்தச் சொந்தத்தைப் புடிச்சுத்தான் மாத்திரை உங்க ஸ்டூலுக்கு வந்திருக்குது. செடி நோயைச் சமாளிக்கறதுக்குத் தனக்குள்ள சுரந்துக்கற சரக்கு அந்த வகையில ஒண்ணு, நெசந்தான். அதுக்காக மாத்திரையைக் கரைச்சு ஊத்துனா வேர் வந்துருமுன்னு இல்லை. ஆனா ஒரு யோசனை வந்துச்சுங்க. நம்ம கொறங்காட்டு வேலியில நிக்கற கிளுவையும் வெட்டிக் குத்துனா வர்ற மரந்தானே? காங்கேயம், தாராபுரம் பக்கம் மைல்கணக்குல வேலியே அதான். கிளுவைக் குச்சியை ஊறவெச்ச தண்ணின்னு பாட்டலு போட்டு நீங்க பட்டணத்துல வித்தா, நாலு காசு பாத்துரலாம். வேலை செய்யுதான்னு யாரும் கேக்க மாட்டாங்க, மேல இயற்கைன்னு எழுதிட்டாச் சரி. பாதிப் பங்கு எனக்கு.

இளநிக்கு வர்றேன். இது கொஞ்சம் பெரிய எடம். 1941-ல அமெரிக்காவுல வான் ஓவர்பீக்குன்னு ஒருத்தரு, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத ஊமத்தைக் கருவை வெதையில இருந்து எடுத்து, தேங்காத்தண்ணி கலந்த கண்ணாடிக் குழாயில வளத்துக் காட்டுனாரு. அதுக்கப்பறம் கார்னெல் பல்கலைக்கழகத்துல ஸ்டூவர்டுன்னு ஒருத்தரு கேரட்டுத் துண்டைத் தேங்காத்தண்ணியில வெச்சு வளத்தாரு. அந்தத் தண்ணியில என்ன இருக்குதுன்னு பின்னால பிரிச்சுப் பாத்தா, சியாட்டின்னு ஒரு சைட்டோகைனின் கெடைச்சுது. நம்ம சட்டியில கொதிக்கற முருங்கக்கீரையிலயும் அது நெறையா இருக்குது. இதைத்தான் வீடியோக்காரரு எங்கயோ அரைகுறையாக் காதுல வாங்கியிருக்கோணும்.

ஆனா பாருங்க, சைட்டோகைனின் தளிருக்குத் தோஸ்து, வேருக்கில்லை. அது மிஞ்சிப் போச்சுன்னா வேர் வர்றது தடைப்படும். வேருக்குத் தோஸ்து ஆக்சின். ரெண்டும் எந்த விகிதத்துல இருக்குதோ அதை வெச்சுத்தான் செடி மேல போறதா கீழ போறதான்னு முடிவு பண்ணும். அப்பறம் அவங்க வளத்தது கிருமியில்லாத கண்ணாடிக் குழாயில. உங்க மாடியில இளநி ரெண்டு நாள் நின்னா என்ன வாசம் வரும்னு பக்கத்து ஊட்டுக்காரங்க சொல்லுவாங்க. தண்ணி கலந்து, சித்த நேரம் குச்சியை நனைச்சு எடுத்து நட்டா ஒண்ணும் கெட்டுப் போகாது. தெனமும் தொட்டியில ஊத்தறது வேண்டாம். தேமோர்க் கரைசலு, அரப்பு மோர்க் கரைசலுன்னு நாங்க தேங்காப்பாலையும் அரப்புத் தழையையும் மோர்ல புளிக்கவெச்சு அடிக்கறமே, அது நல்லா நின்ன செடிக்கு, எலை மேல, பூப்புடிக்கறதுக்கு. வேரே இல்லாத குச்சிக்கில்லை.

இயற்கைன்னு சொல்லிட்டு எங்க ஆளுங்களைப் பத்திச் சொல்லாமப் போனா பாவம். கொடுமுடி டாக்டர் நடராசன் பஞ்சகவ்யத்தை ஊரூராக் கொண்டுபோனாரு. கரும்புக் கரணையையும் மஞ்ச வெதையையும் மூணு சதம் கரைசல்ல அரைமணி நேரம் ஊறவெச்சு நடறது அதுக்கப்பறம் இந்தப் பக்கமெல்லாம் பழகிப் போச்சு. அளவு அவ்வளவுதான். நூறு லிட்டருக்கு மூணு லிட்டரு. ஆனா பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி ஒருத்தரு இருக்கறாரு, மூணு நல்லதுன்னா முப்பது பத்து மடங்கு நல்லதுன்னு கணக்குப் போடறவரு. அவரு கொடிக்கால்ல போன வருசம் வெத்தலையைவிட ஈதான் நெறைய மகசூல் வந்துச்சு. அந்த ஆளும் நீங்களும் ஒரே பள்ளிக்கூடம்னு எனக்கு இப்பத்தான் தெரியுது.

முருங்கைப் போத்துல சாணி உருண்டை வெக்கறதைப் பாத்துட்டு, "அப்புச்சி, அது வேர் வர்ற மருந்தா?"ன்னு நீங்க ஒரு தடவை கேட்டீங்க. அன்னைக்கு ஆமான்னு தலையாட்டிட்டேன், புது மாப்பிள்ளைன்னு. அது மேல் நுனியில வெக்கறது மாப்பிள்ளை, வேர் கீழ வருது. இங்க மூலனூர் முருங்கையை நாங்க போத்து வெட்டித்தான் நடறது. வெதை போட்டா அப்பனாட்டம் வராது. கைத்தடிமன்ல, மூணு நாலடி நீளத்துல வெட்டி, வெட்டுவாய் காயட்டும்னு ரெண்டு மூணு நாள் நெழல்ல சாத்தி வெச்சு, அப்பறம் குழியில நிறுத்துவோம். மேல் வெட்டுவாய் வெயில்ல காஞ்சு பொளந்தா, மழைத்தண்ணி உள்ள எறங்கிக் கொம்பு மேலிருந்து அழுகிட்டு வரும். அதை மூடறதுக்குத்தான் சாணி. நாலு நாள்ல உருண்டை காஞ்சு வெடிப்பு விடும், ஓரம் பேந்து நிக்கும். அதுக்குக் கீழ ஒரு சாண் எறங்கிப் பாத்தீங்கன்னா, சொரசொரப்பான பட்டையில அரிசி மொனையளவு பச்சை தெரியும். அதைப் பாத்துட்டு வேர் வந்துருச்சுன்னு தண்ணியைக் கொட்டறவங்க உண்டு. கொம்பு தன்கிட்ட இருக்கற சேமிப்பை எடுத்துத் தளிர் உட்டிருக்குது, வேர் வந்ததுக்கு அது சாட்சியில்லை. அந்த நேரத்துல தண்ணி மிஞ்சுனா அடி அழுகிரும்.

கடைப்பொடி வாங்கலாமான்னு உங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆசை இருக்கும், இயற்கை முறைன்னு போட்டுட்டதால வெளிய சொல்ல முடியலை. அதுல இருக்கறது பெரும்பாலும் இண்டோல் பியூட்ரிக் அமிலம். 1935-ல அமெரிக்காவுல பாய்ஸ் தாம்சன் நிலையத்துல சிம்மர்மன், வில்காக்ஸன்னு ரெண்டு பேரு அது வேர் வெக்கறதைக் காட்டுனாங்க. இயற்கை ஆக்சினை விடக் கலையாம நின்னு வேலை செய்யும். வேர் வர அடம் புடிக்கற கட்டைக்குச்சிக்கு வெக்கறதுல தப்பில்லை. தண்டு இளசா இருந்தா கொறைச்ச வீரியம், முத்துன கட்டைன்னா கூடுன வீரியம். அளவு மிஞ்சுனா அடி கருகி, வர வேண்டிய வேரும் வராமப் போகும். ஆனா புதினாவுக்கும் கற்பூரவல்லிக்கும் மணிபிளான்ட்டுக்கும் அதை வாங்கறது வெட்டிச்செலவு. அதெல்லாம் நீங்க வேண்டாம்னாலும் வேர் உடும்.

இப்ப நீங்க கேக்காததைச் சொல்றேன். ஸ்டூலு மேல இல்லாதது நாலு: நல்ல குச்சி, சரியான வெட்டு, மணலு, நெழலு.

உங்க செம்பருத்திக் குச்சியை நான் பெருசு பண்ணிப் பாத்தேன். நுனியில மொட்டு இருக்குது. பூ இருந்தா சத்தெல்லாம் அங்க போகும், வேருக்கு மிஞ்சாது. மொட்டைக் கிள்ளிருங்க. பென்சில் தடிமன், ரொம்ப இளசுமில்லாம முத்தலுமில்லாம, மூணு நாலு கணு. வெடியால, வெயில் ஏறறதுக்கு முன்னால வெட்டோணும், அப்பத்தான் தண்டுல தண்ணி நெறைஞ்சிருக்கும். கீழ் வெட்டு கணுவை ஒட்டிக் கீழ, சாய்வா. மேல் வெட்டு நேரா. தலைகீழா நடாம இருக்கறதுக்கும் அதான் அடையாளம். தலைகீழா நட்டா மருந்து எறங்கற தெசையும் தலைகீழாப் போயிரும், அப்பறம் தேனை ஊத்துனாலும் நெய்யை ஊத்துனாலும் கதையாகாது. கீழ் எலையெல்லாம் உருவிப்போட்டு, மேல ரெண்டு எலையை மட்டும் வெச்சு, அதையும் கத்தரியில பாதியா நறுக்குங்க. முழுசா வெச்சா வேரில்லாத குச்சி தண்ணியெல்லாத்தையும் எலை வழியா உட்டுட்டுத் தொவண்டுரும். முழுசா உருவிட்டீங்கன்னாலும் ஆகாது. மருந்தும் மாவுச்சத்தும் அங்கதானே ஊறுது.

மதுரை மல்லின்னு ஊரே கொண்டாடுது. அதுக்குப் புவிசார் குறியீடு 2013-லயே வந்துருச்சு. அந்த மல்லிக்கு நாத்து எங்கிருந்து வருதுன்னு தெரியுங்களா? ராமேசுவரத்துக்குப் பக்கத்துல தங்கச்சிமடம். கடலோர மணலு. மணல்ல தண்ணி தேங்காது, காத்து உள்ள போகும், வேருக்கு மூச்சுமுட்டாது. நீங்க தொட்டியில போட்டிருக்கறது செம்மண்ணும் சாணியெருவும், அதுவும் கெட்டியா அமுக்கி. சாப்பாடு எதுக்குங்க, வாயே இல்லாத ஆளுக்கு? ஆத்துமணலும் மக்குன தேங்காநார்க் கழிவும் சரிக்குச் சரி போதும். நட்டுத் தண்ணி தெளிச்சுட்டு, பால் கவரைக் கழுவி மேல கவுத்துருங்க. உள்பக்கம் பனிபுடிச்சு, சொட்டுச் சொட்டா ஒழுகறது தெரியும். அது தெரியறவரைக்கும் நீங்க தண்ணி ஊத்த வேண்டாம். பொழுதோட ஒருக்கா கவரைத் தூக்கிக் காத்து உட்டுட்டு மறுபடி மூடுங்க. வெச்சிருக்கற எடம் வெளிச்சமா இருக்கோணும், நேரா வெயில் படக் கூடாது. அந்த ஸ்டூலு இருக்கற மொட்டைமாடியில மத்தியானம் வத்தல் காயும். குச்சியையும் காய வெக்கறீங்க.

அப்பறம் புடுங்கிப் பாக்கற பழக்கம். அம்மிணி சொல்லுச்சு, ஆபீசுக்குப் போறப்ப ஒருதரம், வந்ததும் ஒருதரம். வெளிய வர்ற வெள்ளை மொனை நூல் தடிமன்கூட இருக்காது, தொட்டா முறிஞ்சுரும். முறிஞ்சா குச்சி மறுபடி மொதல்லேர்ந்து தொடங்கோணும், அதுக்குள்ள சேமிப்பு தீந்திருக்கும். வேர் வந்துதான்னு தெரியோணும்னா புதுசா வர்ற எலையை எண்ணுங்க. தொடர்ந்து ரெண்டு மூணு எலை வாடாம விரிஞ்சா, குச்சியோட தலையை ரெண்டு வெரல்ல புடிச்சு லேசா, எறும்பு நகர்ற அளவுக்கு, மேல தூக்கிப் பாருங்க. எதுத்து நின்னுச்சுன்னா உட்டுருங்க. செம்பருத்திக்கு ஒரு மாசம் ஒண்ணரை மாசம் ஆகும். அதுவரைக்கும் உங்க கைக்கு வேற வேலை வேணும். அம்மிணிக்குக் காயறுத்துக் குடுங்க.

கடைசியா ஒண்ணு கேட்டிருந்தீங்க. போன வாரம் ஆபீஸ்ல யாரோ குடுத்த மாம்பழம் நல்லாருந்துதாம், அந்த மரத்துக் கொம்பை ஒண்ணு வாங்கித் தேன் தடவி நட்டா வந்துருமான்னு. வராதுங்க மாப்பிள்ளை. மாங்கொம்பு வேர் உடறதுக்கு அடம் புடிக்கற சாதி. அதுக்குத்தான் ஒட்டுக் கட்டறாங்க. அந்தக் கொம்பை வாங்கி வெச்சுக்குங்க, ஈரத்துணியில சுத்தி, ரெண்டு நாளைக்குள்ள ஊருக்கு அனுப்புங்க. பொடக்காணியில கொட்டை போட்டு வந்த நாட்டு மாங்கன்னு ஒண்ணு பென்சில் தடிமன்ல நிக்குது, நானே கட்டிப் பாக்கறேன். தேன் பாட்டலையும் சேத்தே அனுப்பிருங்க. உங்க அம்முச்சிக்கு இருமலு.